மைதானத்தை அளக்க ஓர் அனுமதிக் கடிதம்

நான் எழுதிய கடிதங்களிலேயே மிகச் சுத்தமானதை ஓய்வு பெற்ற பிறகுதான் எழுதினேன். எழுத்துப் பிழை கிடையாது. இணைப்புகள் எண்ணிட்டுக் கோர்க்கப்பட்டிருந்தன. கீழே இடது மூலையில் ‘பிரதிகள்’ என்று போட்டு இரண்டு பதவிகளைக் குறிப்பிட்டிருந்தேன். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த நான்காம் மாதம், நான் பிறந்த தோட்டத்தில் விளையாட்டு மைதானம் இல்லாமல் போனது.

பிரதேச செயலகம் ஒன்றின் காணிப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்த ஒருத்தி காணி உத்தியோகத்தராக இருப்பதில் உள்ள வேடிக்கையை மற்றவர்கள் கண்டுபிடிக்கும் முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வீட்டார் பெயரில் ஒரு பேர்ச் அளவு நிலம்கூடக் கிடையாது. யாருடைய எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று ஊரார் என்னிடம்தான் வந்து கேட்டார்கள். நானும் கோப்பைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்து, பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதில் யாருடைய பெயரும் வராது. தோட்டத்தின் பெயரும் வராது. றொசல்ல ஸ்டேசனில் இறங்கி மேலே ஏற வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே இறங்கி ஏறினால் தோட்டங்கள் பல. இந்த எச்சரிக்கை எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

மைதானம் என்று நாங்கள் சொன்னது மலையின் இடுப்பில் வெட்டிய ஒரு மட்டமான துண்டு. மேலே ஏழாம் நம்பர் மலை. தோட்டத்தில் தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதிக்கும் மலை என்றுதான் பெயர், நம்பர்தான் அடையாளம். கீழே ஓடை. இடத்தின் வடிவத்துக்கு ஏற்றபடி கிரிக்கெட் சட்டத்தை எங்கள் ஆட்கள் திருத்தி வைத்திருந்தார்கள். பந்து ஓடையில் விழுந்தால் நாலு. ஆறு கிடையாது, ஏனென்றால் ஓடைக்கு அடிக்கத் திறமை வேண்டாம், சரிவு போதும். மேலே தேயிலைக்குள் போனால் இரண்டு. பந்தைத் தேடி எடுக்கும்வரை எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். தோட்டத்துப் பெக்டரியில் வேலை செய்யும் என் தம்பிதான் பல வருடமாக அம்பயர். அவன் கையைத் தூக்கிவிட்டால் அதற்கு மேல் முறையீடு இல்லை. அரசாங்கத்தில்கூட இவ்வளவு சுருக்கமான நடைமுறையை நான் கண்டதில்லை.

அந்த நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, விளையாட்டு எங்களுடையது. மூன்றையும் ஒரே தாளில் யாரும் எழுதாதவரை மூன்றும் சண்டையில்லாமல் இருந்தன.

தம்பியின் மகள் கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடத்தில் அவர்களுக்குக் கொடுத்த வேலை, ஒரு விளையாட்டரங்கத்தை வடிவமைப்பது. இடத்தை மாணவர்களே தெரிவு செய்யலாம். மற்றவர்கள் கடற்கரையையும் பெரிய நகரங்களையும் எடுத்துக்கொண்டு, கண்ணாடியும் இரும்புமாக ஆயிரக்கணக்கான ஆசனங்களை வரைந்தார்கள். இவள் எங்கள் மைதானத்தை எடுத்தாள். விடுமுறைக்கு வந்தவள் ஹட்டனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துவிட்டாள். அன்று நான் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன்.

“எத்தனை பேர் உக்காரலாம்?” என்று கேட்டேன். எதையும் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது என் பழக்கம்.

“உக்கார மாட்டாங்க அத்தை. நிப்பாங்க.”

“ஸ்டேடியம்னா சீட்டு வேணாமா?”

“நம்ம கிரவுண்டுல யாராச்சும் உக்காந்து மேட்ச் பாத்து நீங்க பாத்திருக்கீங்களா?”

யோசித்தேன். பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழாம் நம்பர் மலையில் பெண்கள் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பார்கள். அது விருப்பப்பட்டவர்கள் செய்யும் விடுமுறை நாள் வேலை. அவர்கள்தான் பார்வையாளர்கள். கை தன்பாட்டில் கொழுந்து கிள்ளும், கண் மைதானத்தில் இருக்கும், வாய் ஆட்டக்காரர்களைத் திட்டும். எந்த லயத்துப் பெண்கள் எந்த நிரையில் நிற்பார்கள் என்பதுகூட மாறாது. அந்தச் சரிவில் நானும் சிறுமியாக நின்றிருக்கிறேன். ஆனால் இவள் கண்டதை நான் கண்டதில்லை.

முக்கியமான பந்து வரும்போது பெண்கள் பறிப்பதை நிறுத்தி ஒரு அடி பின்னால் நகர்கிறார்கள். முதுகில் தொங்கும் கூடையின் அடி, பின்னால் மேல் நிரையில் நிற்கும் தேயிலைச் செடியின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. பாரம் செடிக்குப் போய்விடும். தலையில் மாட்டிய கயிறு தளரும். அந்த ஒரு நிமிடம்தான் அவர்களுக்கு ஓய்வு. செடியே அவர்களுடைய சாய்மானம்.

இவளுடைய அரங்கம் முழுக்க அதிலிருந்துதான் வந்தது. ஒரு செடியையும் பிடுங்கவில்லை. நிரைக்கு நிரை நடுவில், கால் வைக்கும் அகலத்துக்கு ஒரு கல் படி. படியின் உயரம், நிற்கும் பெண்ணின் கூடை பின் செடியில் போய் உட்காரும் அளவு. தண்ணீர் ஓட ஏற்கெனவே வெட்டியிருந்த கான்களையே வடிகாலாக வைத்திருந்தாள். கூரை எங்கே என்று கேட்டதற்கு, “மழ வந்தா மேட்ச்சும்தான் நிக்கும், கொழுந்தும்தான் நிக்கும். கூரை யாருக்கு?” என்றாள்.

அளவு எடுப்பதற்காகத் தன் அம்மாவைக் கூடையோடு நிறுத்தி வைத்து டேப் பிடித்த கதையையும் சொன்னாள். அவளுடைய அம்மா, என் தம்பியின் மனைவி, இன்றும் மலைக்குப் போகிறவள்.

“அது என்னாடி, சட்ட தைக்கவா அளக்கிற?” என்றாளாம்.

“ஸ்டேடியம் தைக்கிறேம்மா. அசையாம நில்லுங்க.”

“அப்ப கக்கத்துல கொஞ்சம் தாராளமா விடு.”

சிரித்தோம். அந்த மேசையில் நாங்கள் இருவரும் சிரித்தது அதுதான் கடைசி என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு சிரித்தது எனக்கு ஞாபகத்தில் இல்லை.

மைதானத்தையும் சரிவையும் அளந்து வரைபடம் எடுக்க வேண்டியிருந்தது. கூடப் படிக்கும் ஒருத்தியிடம் அளவுக் கருவியை இரவல் வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு சேர்ந்து அளந்துவிடுவதாகத் திட்டம்.

“யாருகிட்ட அனுமதி வாங்கின?” என்றேன்.

“எதுக்கு?”

“அளக்கிறதுக்கு.”

“அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவருதானே அம்பயர்.”

“அது கம்பனி குத்தகைக்கு எடுத்த காணி. எழுத்துல அனுமதி இல்லாம குச்சி நடக் கூடாது. நாளைக்கு யாராச்சும் கேட்டா?”

“நாளைக்கு யாராச்சும் கேட்டா ஓடிருவோம் அத்தை.”

காணி நிர்வாகம் பற்றி நான் கேட்ட மிகச் சரியான பதில் அது. எனக்கு அன்று அது சிறுபிள்ளைப் பேச்சாகப் பட்டது. “நான் எழுதித் தர்றேன்” என்றேன்.

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று பிறகு பலமுறை என்னையே விசாரித்திருக்கிறேன். சட்டத்தின் மேல் உள்ள மரியாதை என்று எழுதி விசாரணையை முடித்துவிடலாம். உண்மை அதைவிடச் சின்னது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் கையெழுத்துக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. கடைக்குப் போக எழுதும் சாமான் பட்டியலுக்கே நான் வரிசை எண் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய அரங்கத்தில் எனக்கும் ஒரு தாள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மூன்று நாள் எடுத்து எழுதினேன். தோட்ட மனேஜருக்கு ஆங்கிலத்தில். ‘தற்போதுள்ள விளையாட்டு மைதானம்’ என்று தலைப்பு. தொழிலாளர் நீண்ட காலமாக அதைப் பயன்படுத்தி வருகிறார்கள் என்று இரண்டாம் பந்தி. மாணவி அளக்க அனுமதி கோரி மூன்றாம் பந்தி. அதோடு நிறுத்தியிருக்கலாம். மேற்படி மைதானத்தின் பரப்பையும் எல்லைகளையும் உறுதிப்படுத்தித் தந்தால் பேருதவியாக இருக்கும் என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. கடிதம் நிறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நானாகச் சேர்த்தது. பிறகு பிரதிகள்: ஒன்று கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு, ஒன்று பிரதேச செயலாளருக்கு. இரண்டையும் அன்றே ஹட்டன் தபாலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பிரதி என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் குறைவு. பிரதியில்லாத கடிதம் மேசை லாச்சியில் தூங்கும். யாரையும் தொந்தரவு செய்யாது. பிரதி போட்டால், சும்மா இருந்த ஒருவர் எங்கோ எழுந்து உட்கார்ந்து, ‘இது என்ன?’ என்று கேட்டு எழுதுவார். கேட்டுவிட்டால் பதில் வேண்டும். பதிலில் உண்மையைவிடக் கோப்பில் இருப்பதுதான் வரும். சேவையில் இருந்த காலத்தில் பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து சிலர் வந்தார்கள். கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். இப்போது யாராவது மறிக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். “அப்ப எழுதாதீங்க. நடங்க” என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் இன்றும் நடக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்நியர்களுக்குச் சொன்ன புத்தியை என் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

மூலக் கடிதத்தை அவளே தோட்டத்து ஒப்பீசுக்குக் கொண்டுபோனாள். கிளாக்கர் அதை வாசித்துவிட்டு, அடியில் இருந்த பிரதிகளைப் பார்த்து, தலையில் கை வைத்தாராம். அங்கிருந்தே எனக்குப் போன் எடுத்தாள்.

“அத்தை, கிளாக்கர் ஐயா இத வாங்க மாட்டேங்கிறாரு. தொரகிட்ட வாயால சொல்லிக்கலாம், எழுத்து வேணாம், அந்த ரெண்டு காப்பியையும் போட வேணாம்னு மிஸ்கிட்ட சொல்லுங்கன்னு சொல்றாரு.”

“காப்பி போயிருச்சு. அவருகிட்ட சீல் வச்சு வாங்கிட்டு வா.”

“அவரு மொகத்த பாத்தா பாவமா இருக்கு அத்தை.”

“மொகத்துக்கும் கடிதத்துக்கும் என்னா சம்பந்தம்? சீல் வைக்கச் சொல்லு.”

சீல் வைத்து வாங்கி வந்தாள். கிடைத்ததற்கான திகதியும் இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்த வாரமே கருவி கையில் இருந்தது. “அளந்துரட்டுமா?” என்று கேட்டாள். பதில் வரட்டும் என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள். இப்போது அளந்தால் நாமே நம் கடிதத்தை மீறியது போலாகும் என்று விளக்கினேன். மூன்றாவது வாரம் கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் கொழும்புக்குப் போய்விட்டாள்.

பதில் சீக்கிரமாகவே வந்தது. என் சேவைக்காலத்தில் எந்தக் கம்பனியும் எனக்கு இவ்வளவு வேகமாகப் பதில் எழுதியதில்லை. தாங்கள் குறிப்பிடும் மைதானம் எதுவும் எமது தோட்டத்தில் இல்லை. குறித்த நிலத்துண்டு, தோட்ட வரைபடத்தின்படி, தேயிலைக் கன்று வளர்க்கும் நர்சரிக்காக ஒதுக்கப்பட்டது. அனுமதியற்ற பாவனை உடனடியாக நிறுத்தப்படும். தங்கள் கவனத்துக்கு நன்றி.

அந்த நன்றிதான் எனக்கு இன்றும் நெருடுகிறது. அது மரியாதைக்குப் போட்டதில்லை. உண்மையிலேயே நான் கவனப்படுத்தித்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

நல்ல சேலை கட்டிக்கொண்டு மனேஜரைப் பார்க்கப் போனேன். எங்கள் ஆட்கள் இன்றும் துரை என்று சொல்லும் அந்த மனேஜர் இளைஞர். சிங்களத்தில் மரியாதையாகப் பேசினார். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“மிஸ், போன வருடம் அந்த மைதானத்தில் நின்று வெற்றிக் கிண்ணம் கொடுத்தவன் நான். அப்படி ஒரு மைதானம் இல்லை என்று இப்போது நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்” என்றார். “தலைமை அலுவலகத்தில் மூன்று கேள்வி கேட்டார்கள். எந்த மைதானம், யார் அனுமதித்தது, நர்சரி இருக்க வேண்டிய இடத்தில் ஏன் நர்சரி இல்லை. நீங்களாக இருந்தால் என்ன பதில் எழுதியிருப்பீர்கள்?”

நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஒருவேளை இன்னும் ஒரு பந்தி கூடுதலாக.

வேலி போட்டார்கள். கம்பு நட்டு, பச்சை வலை கட்டி, மண் நிரப்பிய கறுப்புப் பைகளில் தேயிலைக் கன்றுகளை ஓடைப் பக்கம்வரை அடுக்கினார்கள். தம்பி என் வீட்டுக்கு வந்து சொன்னான். அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தேன்.

“எங்களையே வச்சுத்தான் நடுனாங்க அக்கா” என்றான். “பிச்சுக்கு நடுவுல ஒரு கம்பு வந்துச்சு. வேல வாங்குற கண்டாக்கு அந்தப் பக்கம் திரும்புன நேரம் ஒரு மொழம் தள்ளி நட்டுட்டேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.” தேநீரை முடித்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் செய்தது, எனக்குத் தெரிந்த ஒரே வேலை. ஆதாரம் திரட்டினேன். நீண்ட காலப் பாவனையை நிரூபித்தால் மேலே எழுதலாம். கோயில் அலுமாரியில் இருந்த வெற்றிக் கிண்ணங்களை எல்லாம் இறக்கித் துடைத்துப் பார்த்தேன். ‘சம்பியன்’ என்று வெட்டியிருந்தது, வருடம் இருந்தது. மைதானத்தின் பெயர் ஒன்றிலும் இல்லை. எங்கே ஆடினோம் என்று எங்கள் ஆட்கள் யாருக்கு எழுதிக் காட்ட வேண்டும்? கிண்ணங்களை விற்ற முஸ்லிம் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அவருடைய கடை ஹட்டன் டவுனில்தான். பழைய பில் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“பில்லா? கப்புக்கு யாரு மிஸ் பில் கேட்டா? ஜெயிச்சவங்க தூக்கிக்கிட்டு ஓடுவாங்க, தோத்தவங்க என்னய மொறச்சுக்கிட்டுப் போவாங்க.”

“எந்தத் தோட்டத்துக்குக் குடுத்தேன்னு ஒரு கடிதம் தருவீங்களா நானா?”

அவர் கல்லாப் பெட்டியை மூடினார். “மிஸ், கோவிச்சுக்கிறாதீங்க. நீங்க ஒரு கடிதம் எழுதித்தானே இவ்வளவும்?”

செய்தி டவுன்வரை வந்துவிட்டிருந்தது. இளைஞர்களின் போன்களில் படங்கள் நிறைய இருந்தன. ஒரு பையன் மட்டையைத் தூக்குகிறான், பின்னால் தேயிலை. இந்த நாட்டில் தேயிலைக்கு முன்னால் எந்தப் பையனும் மட்டையைத் தூக்கலாம். இப்படிப்பட்ட படங்களை, ‘இடம் உறுதிப்படுத்தப்படவில்லை’ என்று ஓரத்தில் எழுதி நானே எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது ஒன்றுதான். அங்கே ஒரு மைதானம் இருந்தது என்று சொல்லும் ஒரே ஆவணம் என் கடிதம். அதன் முதுகிலேயே அப்படி ஒன்று இல்லை என்ற பதிலும் கோர்க்கப்பட்டிருந்தது.

தம்பியின் மகள் இடத்தை மாற்றவில்லை. அடுத்த விடுமுறைக்கு வந்தவள், வேலிக்குள் போக முடியாததால் மைதானத்தை ஆட்களின் ஞாபகத்திலிருந்து அளந்தாள். பின்னேரங்களில் லயத்து வாசலில் ஆட்கள் கூடுவார்கள். வேகப் பந்து போடுகிறவன் எத்தனை எட்டு ஓடி வருவான், பிச்சிலிருந்து ஓடைக்கு எத்தனை எட்டு, மேல் கானுக்கு எத்தனை என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒரே இடத்துக்கு மூன்று பேர் மூன்று கணக்குச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். தம்பி கையைத் தூக்கித் தீர்ப்புச் சொல்வான். பிறகு அவனை வாசலில் நடக்க விட்டு அவனுடைய எட்டை டேப்பால் அளந்து, பெருக்கிக்கொள்வாள். அப்படித்தான் அந்த வரைபடம் முடிந்தது. தன் பெயருக்குக் கீழே அளவெடுத்த முறை என்ற இடத்தில் ‘அம்பயரின் எட்டு’ என்று எழுதியிருந்தாள்.

ஆசிரியர்கள் முன்னால் வைத்து விளக்கிய அன்று மாலை போன் எடுத்தாள்.

“கூடை சாயுற படத்தத்தான் எல்லாருக்கும் புடிச்சிருந்துச்சு அத்தை. கிட்ட வந்து பாத்தாங்க.”

“அப்புறம்?”

“ஒரு சேர், ‘இடத்த ஏன் முறையா அளக்கல?’ன்னு கேட்டாரு. அனுமதி கெடைக்கலன்னு சொன்னேன். ‘யாரு அனுமதி கேக்கச் சொன்னது? டேப்ப எடுத்துக்கிட்டுப் போயி அளக்க வேண்டியதுதானே, எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க’ன்னாரு.”

“நீ என்னா சொன்ன?”

“வீட்ல சொன்னாங்கன்னு சொன்னேன்.”

“அத்தைன்னு சொல்லலியா?”

“சொல்லல.”

சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அளவு சரியில்லை என்று புள்ளி குறைந்தது. சாதாரணமாகப் பாஸ் பண்ணினாள். இப்போது கொழும்பில் ஓர் அலுவலகத்தில் மாடிக் கட்டடங்களுக்கு வாகனத் தரிப்பிடம் வரைகிறாள். பெருநாளுக்கும் விடுமுறைக்கும் தோட்டத்துக்கு வருகிறாள். ஹட்டனில் பஸ் மாற வேண்டும், என் வீடு பஸ் நிலையத்துக்கு எதிரேதான். நேரம் கிடைப்பதில்லை என்கிறாள்.

ஒரே ஒருமுறை நானாக அவளை அழைத்தேன். மேல்முறையீடு தயாராகிவிட்டது, அவளுடைய வரைபடத்தை நான்காம் இணைப்பாக வைத்திருக்கிறேன், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன்.

“அத்தை, எதுவும் எழுதாதீங்க.”

“இது வேற மாதிரி. இதுல நடைமுறைப்படி அவங்க...”

“எதுவும் எழுதாதீங்க. நான் வரைஞ்சத யாருக்கும் அனுப்பாதீங்க. அப்பா கெஞ்சிக் கேட்டுக்கச் சொன்னாரு.”

அந்தக் கெஞ்சல் என்ற சொல்லைக் கேட்டபின் மேல்முறையீட்டை லாச்சியில் வைத்தேன். பிரதிகளும் முத்திரை ஒட்டிய உறைகளுமாக அது அங்கேயே இருக்கிறது. நான் எழுதி அனுப்பாமல் விட்ட முதல் கடிதம்.

நர்சரிக் கன்றுகள் ஒரு வருடத்துக்கு மேல் பைகளில் இருக்க முடியாது. வளர்ந்ததும் மலைக்கு எடுத்துப்போய் நட்டுவிடுவார்கள். இது எனக்குத் தெரியும், ஆனால் யோசிக்கவில்லை. இந்த வருடம் மழைக்குப் பிறகு ஹட்டன் சந்தையில் அந்தக் கிளாக்கரைச் சந்தித்தேன். உடம்பு எப்படி, வீடு எப்படி என்று பேசிக்கொண்டிருந்தவர், “ஞாயித்துக்கிழம நம்ம பசங்க நல்லா...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்ததும், “மழ நல்லா பெஞ்சிருக்கு மிஸ்” என்று முடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போய் றொசல்லயில் இறங்கி மேலே ஏறினேன். யாருக்கும் சொல்லவில்லை. முழங்கால் வலித்தது. கடைசி வளைவுக்கு முன்பே சத்தம் கேட்டுவிட்டது.

வேலிக் கம்புகள் அப்படியே நின்றன. வலை சுருட்டிக் கட்டியிருந்தது. ஓடைப் பக்கம் பாதி இடத்தில் பைகள் இன்னும் இருந்தன. மீதிப் பாதியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தம்பி ஒரு முழம் தள்ளி நட்ட கம்பு பிச்சுக்கு ஓரமாக நின்றது. அதன் மேல் யாரோ சட்டையைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். ஏழாம் நம்பர் மலையில் பெண்கள் அவரவர் நிரையில் நின்றார்கள். ஒருவன் ஓடி வந்து பந்து போட்டான். எல்லாக் கூடைகளும் ஒரு அடி பின்னால் போய்ச் செடிகளின் மேல் உட்கார்ந்தன. அவள் வரைந்தது அச்சு அசலாக அதுதான்.

மட்டையில் பட்ட பந்து மேலே பறந்து, நான் நின்ற பாதையோரத்துத் தேயிலைக்குள் விழுந்தது. இரண்டு. பந்தைத் தேடி ஓடி வந்தவன் என்னைப் பார்த்துவிட்டு நின்றான்.

“மிஸ் வந்திருக்காங்க!”

சத்தம் நின்றது. மட்டை எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டு மூன்று பேர் குனிந்து வெறும் பைகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். கம்பிலிருந்த சட்டையை ஒருவன் எடுத்துப் போட்டுக்கொண்டான். சரிவில் என் தம்பியின் மனைவி என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொழுந்து கிள்ளினாள். மற்றவர்களும் கிள்ளினார்கள்.

தம்பி கீழே நின்றபடியே கையை வாயில் குவித்துக் கூப்பிட்டான்.

“என்னாக்கா, சொல்லாம கொள்ளாம?”

“சும்மா வந்தேன்.”

“நாங்க பை பொறுக்க வந்தோம். இங்க ஒண்ணும் இல்லக்கா.”

அவன் என்னிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சின்ன வயதில் சர்க்கரை திருடியபோதுகூட உடனே ஒப்புக்கொண்டவன். இப்போது ஓர் உத்தியோகத்தருக்குப் பதில் சொல்வது போல, சுருக்கமாக, கேள்விக்கு மட்டும் சொன்னான். கம்பனியின் பதிலில் இருந்த வசனமும் ஏறத்தாழ இதுதான்.

“ஆமா, நானும் ஒண்ணும் பாக்கல” என்றேன்.

அது அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பந்து என் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்து எறியலாம் என்று நினைத்தேன். என் கையிலிருந்து அது போய்ச் சேருவதை அவர்கள் விரும்புவார்களா என்று நிச்சயமில்லை. எல்லாருக்கும் தெரியும்படி கானின் ஓரக் கல்லில் அதை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இறங்கும் வழியில் இரண்டு இடத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ரயில் பாதை தெரிகிற வளைவுக்கு வந்த பிறகுதான் மேலேயிருந்து ஒரு கூச்சல் வந்தது. இரண்டா நாலா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.